இரவில் மட்டும் அணையும் கேமரா: 70 மீட்டர் கேபிளில் மின்சாரம் அனுப்பிய கதை

ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் மோட்டார் ரூமுக்கு வரும் செம்புக் கேபிளை இரண்டு முறை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது முறை நடக்கக் கூடாது என்றுதான் கேமரா போட்டோம். வீட்டிலிருந்து மோட்டார் ரூம் 70 மீட்டர். பக்கத்து ஊரில் கேமரா வேலை செய்கிற ஒருவர் வந்து ஒரே நாளில் முடித்துவிட்டார். பகல் முழுக்கப் படம் கண்ணாடி மாதிரி வந்தது. சாயங்காலம் ஆறே முக்காலுக்குப் போனது. மறுநாள் காலையில்தான் திரும்பி வந்தது.

அப்பா போன் செய்தார். "ஏங்கண்ணு, திருடன் ராத்திரியிலதான வருவான்? ராத்திரி மட்டும் தூங்குற கேமராவ வெச்சு நான் என்ன பண்றது?"

போட்டவர் வந்து கேமராவை மாற்றினார். அன்று இரவும் அதே கதை. அப்புறம், "ஆம்பியர் பத்தலைங்க தம்பி" என்று 1 ஆம்பியர் அடாப்டரை எடுத்துவிட்டு 2 ஆம்பியர் அடாப்டர் போட்டார். அதற்கும் மசியவில்லை. மூன்றாம் முறை வந்தவர் மோட்டார் ரூமில் கேமராவைக் கழற்றி, வயர் முனையில் மீட்டரை வைத்து என்னிடம் காட்டினார்: 12.0 வோல்ட். "வோல்ட் கரெக்டா வருதுங்க, இது கம்பெனி ஃபால்ட்" என்றார். அதோடு அவர் வருவது நின்றது. ஒரு சனிக்கிழமை நான் மல்டிமீட்டரோடு தோப்புக்குப் போனேன். நான் எலக்ட்ரீஷியன் இல்லை, கோவையில் கணக்கு வேலை பார்க்கிறவன். இந்த மாதிரி விஷயங்களைக் கழற்றிப் பார்க்காமல் விட முடியாது, அவ்வளவுதான்.

முதலில் ஒன்றும் தொடாமல், இருட்டும் நேரத்தில் கேமராவுக்குக் கீழே நின்றேன். ஆறு நாற்பதுக்கு மேலே "டிக்" என்று ஒரு மெல்லிய சத்தம். கேமராவுக்குள் அகச்சிவப்பு வடிகட்டி நகரும் சத்தம் அது. வெளிச்சம் குறைந்ததும் கேமரா அந்தக் கண்ணாடியை ஒதுக்கிவிட்டு, தன்னைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளைப் போடும். விளக்குகள் மங்கலாகச் சிவந்தன, உடனே அணைந்தன. ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து மறுபடி "டிக்", மறுபடி சிவப்பு, மறுபடி இருட்டு. பாவம், ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டதும் மயங்கி விழுந்துகொண்டிருந்தது.

நோய் புரிந்துவிட்டால் அதைப் பகலிலும் வரவழைக்கலாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏணியில் ஏறி, அப்பாவின் துண்டால் கேமரா முகத்தை மூடினேன். "டிக்." அணைந்தது. துண்டை எடுத்தேன், உயிர் வந்தது. இனி இருட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது மீட்டர். போட்டவர் செய்த தவறு, கேமராவைக் கழற்றிவிட்டு அளந்தது. மின்னோட்டம் இல்லாத வயரில் எவ்வளவு நீளமானாலும் முழு வோல்டேஜும் காட்டும். கேமராவை மாட்டி, அது ஓடும்போது அளந்தால் 9 வோல்ட். துண்டைப் போட்டதும் எண் சரிந்துகொண்டே போய் 7க்குக் கீழே எங்கோ கேமரா செத்தது. வீட்டு முனையில் அடாப்டர் அப்போதும் 12.1 காட்டிக்கொண்டிருந்தது. மூன்று வோல்ட், நான்கு வோல்ட் எல்லாம் வழியிலேயே காணாமல் போகிறது.

அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "சொட்டுநீர்ப் பைப்புல கடைசி மரத்துக்குத் தண்ணி ஏறாதே, அந்தக் கதையா?" அதே கதைதான். இதைவிடத் தெளிவாக நான் விளக்கியிருக்க முடியாது.

எப்படி மின்சாரம் போகிறது என்று பார்த்தேன். கேமரா கடைகளில் ஒரு ஜோடி குட்டி வயர் விற்பார்கள், ஆண் முனை ஒன்று, பெண் முனை ஒன்று. அதையும் 'பி.ஓ.இ.' (பவர் ஓவர் ஈதர்நெட், அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் முறை) என்றுதான் சொல்வார்கள். உள்ளே ஒரு சர்க்யூட்டும் கிடையாது. நெட்வொர்க் கேபிளில் நான்கு ஜோடி வயர் இருக்கிறது. 100 மெகாபிட் வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை என்ற இரண்டு ஜோடிகளே போதும். நீலமும் பழுப்பும் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கும் ஜோடிகளில் 12 வோல்ட்டை அப்படியே ஏற்றி, மறுமுனையில் அப்படியே இறக்குவதுதான் அந்தக் குட்டி வயரின் வேலை. பத்து, பதினைந்து மீட்டருக்கு ஒன்றும் தெரியாது. 70 மீட்டரில் தெரியும்.

ஆனால் எவ்வளவு தெரிய வேண்டும்? நல்ல செம்புக் கேபிள், 24 கேஜ் (வயரின் தடிமன் அளவு) வயர் என்றால் ஒரு வயருக்கு 100 மீட்டரில் ஏறக்குறைய 8.4 ஓம் தடை. மோட்டார் ரூமில் நீல ஜோடியின் இரண்டு வயர்களையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, வீட்டு முனையில் ஓம் அளந்தேன். போக 70, வர 70, மொத்தம் 140 மீட்டர். (நீளத்துக்கு டேப் பிடிக்கத் தேவையில்லை, கேபிள் உறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சாகி இருக்கும், இரண்டு முனை எண்களையும் கழித்தால் போதும்.) செம்பாக இருந்தால் 12க்குள் வர வேண்டும். மீட்டர் 18.4 காட்டியது. மீட்டர் வயரின் தடை 0.3 போனாலும் 18.1.

ஒரு வயரின் தோலை உரித்து, பிளேடால் மெல்லச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், அடியில் வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம். கடைக்காரர்கள் 'சி.சி.ஏ.' என்பார்கள், கேட்டால் மட்டும். செம்பைத் திருடுகிறவர்களைப் பிடிக்கப் போட்ட கேமராவுக்கு வந்த கேபிளிலேயே செம்பு இல்லை. சிரிப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனிக் கணக்கு. நீலத்தின் இரண்டு வயரும் சேர்ந்து போக, பழுப்பின் இரண்டு வயரும் சேர்ந்து வர, மொத்தத் தடை அந்த 18.1இல் பாதி, 9 ஓம். ஒரு தடையின் வழியாக மறுமுனைக்கு அதிகபட்சம் எவ்வளவு வாட் அனுப்ப முடியும் என்பதற்கு ஒரு சின்னச் சூத்திரம் உண்டு: வோல்டேஜின் வர்க்கத்தை, தடையின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். 144ஐ 36 ஆல் வகுத்தால் 4 வாட். கேமரா பகலில் தின்பது சுமார் 3 வாட், விளக்கு போட்டால் 6 வாட். அதாவது, அந்தக் கேபிளில் 12 வோல்ட்டை வைத்துக்கொண்டு இரவில் அந்தக் கேமராவை ஓட்டவே முடியாது. 2 ஆம்பியர் அடாப்டர் இல்லை, 20 ஆம்பியர் அடாப்டர் போட்டாலும் முடியாது. செம்புக் கேபிள் போட்டிருந்தால்கூட அந்தச் சூத்திரத்தில் 6 வாட்டை ஒட்டித்தான் வரும், அதுவும் விளிம்பில்.

இதற்கு விடை எங்கள் தோப்பின் ஓரமாகவே போகிறது, 11 ஆயிரம் வோல்ட் லைன். தூரத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் வோல்டேஜை ஏற்று, கரண்டைக் குறை, போய்ச் சேர்ந்த இடத்தில் இறக்கு. வோல்டேஜ் நான்கு மடங்கானால் அதே வாட்டுக்குக் கரண்ட் நான்கில் ஒரு பங்கு, வயரில் வீணாவது பதினாறில் ஒரு பங்கு.

வீட்டில் தரைவழித் தொலைபேசி இருந்த காலத்தில், ஊரே கரண்ட் இல்லாமல் இருட்டில் கிடந்தாலும் போன் அடிக்கும். எக்சேஞ்சில் இருந்த பேட்டரிகள் பேசுகிற அதே இரண்டு வயரிலேயே 48 வோல்ட்டை அனுப்பிக்கொண்டிருந்ததுதான் காரணம். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் ஓடும் ஐ.பி. போன்கள் வந்தபோது அதே வசதி வேண்டியிருந்தது. நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் 2000 வாக்கில் தன் சொந்த முறை ஒன்றைக் கொண்டுவந்தது. 2003இல் ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு பி.ஓ.இ.க்கு 802.3ஏ.எஃப் என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை, 44 முதல் 57 வோல்ட். வழியில் போவது போகட்டும் என்று கருவிக்கு 12.95 வாட் உறுதி. 2009இல் வந்த ஏ.டி. தரத்தில் 30 வாட், 2018இல் வந்த பி.டி. தரத்தில் நான்கு ஜோடிகளையும் பயன்படுத்தி 90 வாட் வரை. 57 வோல்ட்டில் நிறுத்தியிருப்பதிலும் கணக்கு இருக்கிறது: 60 வோல்ட்டுக்குள் இருக்கும் நேர்மின்சாரத்தைக் கைபட்டாலும் ஆபத்தில்லாத வகையில் சேர்க்கிறார்கள்.

சரி, அப்படியானால் இதற்கு ஒத்துப்போகும் கேமரா வாங்க வேண்டுமா? கேமராவின் அடியில் ஒட்டியிருந்த லேபிளைத் துடைத்துப் படித்தேன். '12 வோல்ட் அல்லது பி.ஓ.இ. 802.3ஏ.எஃப், அதிகபட்சம் 6 வாட்.' மூன்று முறை ஏணியில் ஏறி இறங்கிய யாரும் அதைப் படிக்கவில்லை. நானும் முந்தைய நாள் படிக்கவில்லை.

கோவையிலிருந்து ஒரு பி.ஓ.இ. சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைத்து, அவற்றில் மின்சாரமும் அனுப்பும் பெட்டி) வாங்கி வந்தேன். நான்கு போர்ட்டில் மின்சாரம், இரண்டில் கிடையாது. அதன் அடாப்டரில் 52 வோல்ட், 1.25 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 65 வாட். 6 வாட் கேமராக்களுக்குத் தாராளம். வாங்கும்போது பெட்டியில் 'பி.ஓ.இ.' என்று இருப்பதை மட்டும் நம்பாமல், ஏ.எஃப், ஏ.டி. என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று பார்த்தேன். அதற்கு ஒரு பழைய காயம் காரணம்.

சில வருடங்களுக்கு முன் வயர்லெஸ் டிஷ் ஒன்றுக்கு வந்த 24 வோல்ட் இன்ஜெக்டரின் (நெட்வொர்க் கேபிளில் மின்சாரம் ஏற்றும் டப்பா) முனையை, அடையாளம் தெரியாமல் ஒரு பழைய பிரிண்டரில் செருகிவிட்டேன். பத்து விநாடியில் கருகல் நாற்றம். திறந்து பார்த்தால் நெட்வொர்க் போர்ட்டுக்குப் பின்னால் கடுகளவு ரெசிஸ்டர்கள் இரண்டு கறுத்துப்போயிருந்தன. பழைய போர்ட்டுகளில் சும்மா கிடக்கும் ஜோடிகளை இரைச்சல் அடங்குவதற்காக ஒவ்வொன்றுக்கும் 75 ஓம் வைத்து ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். 24 வோல்ட் அந்த 150 ஓம் வழியாகப் பாய்ந்தால் கிட்டத்தட்ட 4 வாட். கடுகு தாங்குமா? யார் எதிரில் இருக்கிறார்கள் என்று கேட்காமல் ஊற்றுகிற இந்த வகையைத்தான் 'பாஸிவ்' என்கிறார்கள். தரத்துக்கு உட்பட்ட சுவிட்ச் முதலில் கேட்கும்.

எப்படிக் கேட்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஆசை. ஒரு துண்டுக் கேபிளைச் சுவிட்ச்சில் செருகி, மறுமுனையை உரித்து, ஆரஞ்சு ஜோடிக்கும் பச்சை ஜோடிக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். (இந்தச் சுவிட்ச் தகவல் போகும் அதே ஜோடிகளில்தான் மின்சாரமும் அனுப்புகிறது. தகவல் என்பது ஒரு ஜோடியின் இரண்டு வயர்களுக்கு இடையிலான வித்தியாசம், மின்சாரம் இரண்டு வயரிலும் சமமாகப் போகிறது, அதனால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்வதில்லை.) மீட்டரில் நிலையாக 52 இல்லை. சில வோல்ட்டுகள் துள்ளித் துள்ளி மறைந்தன. பாஸிவாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே முழு வோல்டேஜும் அசையாமல் நின்றிருக்கும்.

சுவிட்ச் 3 முதல் 10 வோல்ட் அளவில் தட்டித் தட்டிப் பார்க்கிறது. எதிரில் சுமார் 25 ஆயிரம் ஓம் தடை தெரிந்தால், 'இது நம்ம ஆள்' என்று எடுத்துக்கொள்ளும். ஏற்கும் எல்லை 19 ஆயிரத்திலிருந்து 26.5 ஆயிரம் வரை. என் டப்பாவில் 10 ஆயிரத்தில் ஒன்றும் 15 ஆயிரத்தில் ஒன்றும் ரெசிஸ்டர் இருந்தன. வரிசையாகச் சேர்த்து, ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் நடுவே முறுக்கினேன். சுவிட்ச்சில் அந்தப் போர்ட்டின் மஞ்சள் விளக்கு எரிந்தது! எரிந்த வேகத்தில் அணைந்தது. மறுபடி எரிந்தது, அணைந்தது.

இரண்டு ரெசிஸ்டரை நம்பிச் சுவிட்ச் 52 வோல்ட்டைத் திறந்திருக்கிறது. ஆனால் திறந்த பிறகும் கவனிக்கிறது. எதிரில் இருப்பவர் குறைந்தது 10 மில்லிஆம்பியராவது இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். இழுக்கவில்லை என்றால் அரை விநாடிக்குள் மூடிவிடும். என் ரெசிஸ்டர்கள் இழுத்தது 2 மில்லிஆம்பியர்தான். கேபிளை உருவிவிட்டு அடுத்த கணம் வேறு எதையாவது செருகினால் அது கருகாமல் இருப்பது இந்தக் காவலால்தான். அப்பா சாப்பிடக் கூப்பிடும் வரை அந்த விளக்கு சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேமராவுக்கு வந்தால், வேலை ஐந்து நிமிடம். இரண்டு முனையிலும் அந்தக் குட்டி வயர்களைக் கழற்றி எறிந்தேன். சுவிட்ச்சை வீட்டில் இன்வெர்ட்டர் லைனில் மாட்டினேன். கேபிளை நேராகக் கேமராவில் செருகினேன். மஞ்சள் விளக்கு இந்த முறை சிமிட்டவில்லை. ஏணியில் ஏறித் துண்டைப் போட்டேன். "டிக்." விளக்குகள் சிவந்தன, சிவந்தபடியே இருந்தன. அதே அலுமினியக் கேபிள்தான், ஆனால் இப்போது 6 வாட்டுக்குக் கரண்ட் 0.12 ஆம்பியருக்குக் கீழே. 9 ஓமில் இழப்பு ஒரு வோல்ட் சொச்சம். 52இல் ஒன்று போனால் யாருக்கு என்ன?

இன்னொரு லாபத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் ரூமில் கரண்ட் இருக்கிறதே, அங்கேயே ஓர் அடாப்டர் வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் அங்கே வோல்டேஜ் குப்புற விழும். திருடுகிறவனும் முதலில் ஃப்யூஸைத்தான் பிடுங்குகிறான். இப்போது கேமராவின் உயிர் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிறது.

வாசல் கேட்டில் ஒரு பழைய கேமரா உண்டு. அது 12 வோல்ட் மட்டுமே வாங்கும், பி.ஓ.இ. தெரியாது. அதற்கு உள்ளே சர்க்யூட் உள்ள ஸ்பிளிட்டர் ஒன்று வாங்கினேன். சுவிட்ச்சிடம் 25 ஆயிரம் ஓம் காட்டி, 52ஐ வாங்கி, 12 ஆக இறக்கிக் கொடுக்கும். சில நூறு ரூபாய். பார்வைக்கு அந்தக் குட்டி வயருக்கு அண்ணன் மாதிரி கொஞ்சம் தடியாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கடையில் கேட்கும்போது ஏ.எஃப் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் மதியம் மோட்டார் ரூம் கேமரா போனது. சுவிட்ச் விளக்கும் இல்லை. கேமரா முனை ஜாக்கைப் பிடித்து லேசாக ஆட்டினால் வருகிறது, விட்டால் போகிறது. ஜாக்கை வெட்டிப் பார்த்தபோது பச்சை ஜோடியில் ஒரு வயர் கிரிம்ப் செய்த (ஜாக்கில் அழுத்திப் பொருத்திய) இடத்திலேயே முறிந்து கிடந்தது, இன்னொன்று வெளுத்துப் பொடியாகிப்போயிருந்தது. அலுமினியம் செம்பு மாதிரி வளைந்து கொடுக்காது, இரண்டு தடவை மடித்தால் ஒடியும். ஈரம் பட்டால் அதன் மேல் வெள்ளைப் படலம் ஏறும். காற்றில் தோப்பில் ஆடும் கேபிளுக்கு இந்த இரண்டும் போதும். கேமராவோடு வந்த ரப்பர் வாஷர் போட்ட பிளாஸ்டிக் மூடி, ஜாக்கின் மேல் திருகுவதற்காகக் கொடுப்பது, முதல் நாளே பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்கிறது. ஜாக்குக்குள் எறும்பு வேறு குடித்தனம் நடத்தியது.

இந்த முறை பேச்சுக்கே இடமில்லாமல் முழுச் செம்பு, வெளிப்புற உறை போட்ட கேபிள் வாங்கினேன். கடையிலேயே பிளேடு கேட்டு ஒரு வயரைச் சுரண்டிப் பார்த்தேன். கடைக்காரர் முகம் கொஞ்சம் கோணியது, பரவாயில்லை. முக்கால் இஞ்ச் பைப்பில் கோத்து, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தோம். மோட்டார் கேபிள் போகும் பைப்பில் சேர்க்கவில்லை, அதற்கு எதிர்ப்பக்கமாகத் தனி வாய்க்கால். வெட்டியது அப்பாவும் வேலைக்கு வரும் அண்ணனும். நான் கைகாட்டிக்கொண்டிருந்தேன். பதிக்கும் முன் நீல ஜோடியை முறுக்கி அளந்தேன்: 74 மீட்டருக்கு 12.3 ஓம். மனசு நிறைந்தது.

மிச்சம் இருக்கும் பயம் இடிதான். சித்திரை மழையில் தென்னை மரத்தில் இடி விழுவது எங்கள் பக்கம் புதிதல்ல, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நீளும் செம்பு வயர் அதற்கு நல்ல பாதை. இரண்டு முனையிலும் சர்ஜ் அரெஸ்டர் (திடீரென்று பாயும் அதிக வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) போட்டு, எர்த் கம்பியில் கட்டியிருக்கிறேன். பக்கத்தில் விழுந்தால் தாங்கும், மேலேயே விழுந்தால் தாங்காது. மறுபடி முதலிலிருந்து செய்வதானால் ஃபைபர் இழுத்து, மோட்டார் ரூமில் சின்ன பேட்டரி ஒன்று வைத்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. ஏற்கெனவே வாய்க்கால் வெட்டி மூடியவர்களிடம் இதைச் சொல்லும் தைரியம் வரவில்லை.

கேமரா இப்போது இரவெல்லாம் விழித்திருக்கிறது. திருடன் யாரும் மாட்டவில்லை. தென்னங்கன்றுகளைத் தோண்டியது யார் என்பது மட்டும் தெரிந்தது: இரண்டு மணிக்குக் குட்டிகளோடு வரும் காட்டுப்பன்றிக் கூட்டம். உருவி எடுத்த பழைய அலுமினியக் கேபிளைக் காயலான் கடையில் போடலாம் என்றேன். அப்பா விடவில்லை. கிணற்றடியில் பாகல் பந்தல் கட்டியிருக்கிறார். கொடி நன்றாகவே ஏறியிருக்கிறது.